250 பந்து போட்ட பையன்: மட்சுசாகா ஜெயித்தாரா, வீணாய்ப் போனாரா?

20 அக்டோபர் 2021, காலை (ஒரு வாசகர் கேட்டது)

நேற்று ஜப்பானின் பேஸ்பால் பந்துவீச்சாளர் (பிட்சர்) டைசுகே மட்சுசாகா ஓய்வு பெற்றார். பள்ளிக்கூடத்தில் சூப்பர் ஸ்டார், ஜப்பானில் ராஜா. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொட்டி வாங்கியது. அமெரிக்காவில் வந்த வெற்றி 56. பதினேழு வயதில் ஒரே ஆட்டத்தில் 250 பந்து போட வைத்துக் கையைக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

20 அக்டோபர் 2021, மதியம்

மறுக்க வரவில்லை, நானும் உங்கள் கட்சிதான். ஒரு திருத்தம் மட்டும். 56 என்பது நியூயார்க் மெட்ஸில் எடுத்த ஆறையும் சேர்த்து. ரெட் சாக்ஸுக்கு எடுத்துக் கொடுத்தது 50. கணக்கு நீங்கள் சொன்னதைவிட இன்னும் இடிக்கிறது.

நேற்றைய ஆட்டத்தை நானும் பார்த்தேன். அவருடைய ஆட்டம் என்பது ஐந்தே பந்து. டோகோரோசவாவில் அவருடைய முதல் அணியான சீபு லயன்ஸின் சொந்த மைதானம், சட்டை முதுகில் பழைய எண் 18. இந்த இரண்டு வருஷமும் 16 போட்டிருந்தார். கடைசி நாளுக்காக 18-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். எதிரே நிப்பான் ஹாம் அணியின் முதல் பேட்டர் கொண்டோ. மட்சுசாகா படித்த அதே யோகோஹாமா பள்ளியில் பின்னாளில் படித்தவர். ஐந்தில் ஒன்று ஸ்ட்ரைக், நான்கு பால். (அடிக்கத்தக்க இடத்தில் வந்தும் பேட்டர் விட்டது ஸ்ட்ரைக், இடம் தவறி வந்தது பால். நான்கு பால் ஆனால் இலவசமாக முதல் பேஸ், அதற்கு வாக் என்று பெயர். எல்லா பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன்.) பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போனார். எந்தப் பந்தும் மணிக்கு 118 கி.மீ.யைத் தாண்டவில்லை. நம் கிரிக்கெட் கணக்கில் அது வேகப்பந்தே இல்லை. 1999-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த முதல் நாள், முதல் இன்னிங்ஸில் இதே கை 155 போட்டது.

போன வருஷம் கழுத்தில் அறுவை சிகிச்சை. வலது கை மரத்துப்போவது நிற்கவில்லை. இந்தப் பந்தைப் போட உண்மையில் விருப்பமில்லை என்று அவரே சொன்னார். ஆட்டம் முடிந்ததும் பிட்சர் நின்று போடும் மவுண்டுக்குத் தனியாகப் போய்க் குனிந்து, அந்த மேட்டின்மேல் கையை வைத்தார். அதற்குமேல் நான் பார்க்கவில்லை, ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது.

20 அக்டோபர் 2021, இரவு

"அந்த 250 பந்து என்ன கதை?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, தெரியாதவர்களுக்காக.

கோஷியென் என்பது ஒசாகா பக்கம் 1924-இல் கட்டிய மைதானம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஜப்பானின் எல்லா மாகாணங்களிலிருந்தும் ஜெயித்து வந்த பள்ளிகள் அங்கே மோதும். ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். நான் கவசாகியில் வேலை பார்த்த நாட்களில் ஆபீஸ் கேன்டீன் டிவியில் ஆகஸ்ட் முழுக்க இதுதான் ஓடும். சோபா நூடுல்ஸ் ஆறிப்போகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

1998 ஆகஸ்ட் 20, கால் இறுதி. யோகோஹாமா பள்ளியும் ஒசாகாவின் பி.எல். காகுயெனும். காலை 8.30-க்குத் தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் (ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒரு தடவை பேட் பிடிக்கும்) முடியவேண்டியது, சமனாகவே இருந்ததால் 17-க்குப் போனது. 11-ஆவது இன்னிங்ஸில் யோகோஹாமா முந்தியது, பி.எல். சமன் செய்தது. 16-இல் மறுபடி முந்தியது, மறுபடி சமன். 17-இல் டோகிவா என்ற பையன் இரண்டு ரன் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி வேலிக்கு வெளியே) அடிக்க, 9-7. கடைசி பேட்டரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்) ஆக்கிய பந்து மட்சுசாகாவின் 250-ஆவது பந்து. 3 மணி 37 நிமிஷம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆரம்பத்தில் பி.எல். பையன்கள் மட்சுசாகாவைச் சுலபமாக அடித்தார்கள். மூன்றாவது பேஸ் பக்கம் நின்ற பி.எல். பையன், யோகோஹாமா கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) உட்காரும் விதத்தை வைத்தே வரப்போவது நேர்ப்பந்தா வளைபந்தா என்று கண்டுபிடித்துவிட்டான். நேர்ப்பந்துக்கு ஒரு கூவல், வளைபந்துக்கு வேறொரு கூவல். கேட்பவர்களுக்குச் சும்மா உற்சாகப்படுத்துகிற மாதிரிதான் இருக்கும். அந்தப் பையன் பெயர் ஹிராயிஷி. பின்னாளில் ரகுடென் அணிக்கே மேனேஜர் ஆனார். ஆகாமல் என்ன செய்வார்.

இதற்கு முந்தின நாள் மட்சுசாகா 148 பந்து போட்டிருந்தார். மறுநாளே இறுதியாட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்துவிட்டு பேஸுக்கு ஓடிச் சேர்வது) கூடக் கொடுக்காமல் முடித்தார். மனுஷனா?

21 அக்டோபர் 2021, காலை

திருத்தம். தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். மறுநாள் அல்ல, அதற்கு அடுத்த நாள். நடுவில் 21-ஆம் தேதி மெய்டோகு கிஜுகுவோடு அரையிறுதி. இதை விட்டால் பாதிக் கதை போச்சு.

அன்று மட்சுசாகா பந்து போடவில்லை. கையில் டேப் சுற்றிக்கொண்டு லெஃப்ட் ஃபீல்டில் நின்றார். எட்டாவது இன்னிங்ஸின் பாதிவரை 0-6 பின்தங்கல். எல்லாரும் முடிந்தது என்று நினைத்தார்கள். யோகோஹாமா எட்டாவதில் நான்கு ரன் எடுத்தது. மட்சுசாகா அந்த டேப்பைப் பிய்த்தெடுத்துவிட்டு ஒன்பதாவது போட வந்தார், 15 பந்து. கடைசியில் மூன்று ரன் எடுத்து 7-6. 22-ஆம் தேதி கியோட்டோ செய்ஷோவோடு இறுதியாட்டம், 122 பந்து, 3-0, நோ-ஹிட்டர். கடைசி பேட்டரும் ஸ்ட்ரைக் அவுட். இறுதியாட்டத்தில் அப்படி நடந்தது 1939-க்குப் பிறகு அதுதான்.

கூட்டிப் பாருங்கள்: 148, 250, 15, 122. நான்கு நாளில் 535. ஆறு ஆட்டமும் சேர்த்து 782. இப்போது ஒரு பிட்சருக்கு வாரத்துக்கு 500 பந்து என்று விதி வைத்திருக்கிறார்கள். அது அன்றே இருந்திருந்தால் அந்த நோ-ஹிட்டரை அவர் முடித்திருக்கவே முடியாது.

21 அக்டோபர் 2021, இரவு

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று வீட்டில் கேட்டார்கள். சொல்கிறேன்.

1994, தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். நான் வேகப்பந்து. மாவட்டப் போட்டியில் மேட் விரித்த பிட்ச், ஆணி அடித்த முனையில் மேட் சுருண்டு எழும்பும், அதில் பட்டால் பந்து மூஞ்சிக்கு ஏறும். அன்றைக்கு எனக்கு விக்கெட் விழுந்துகொண்டே இருந்தது. பி.டி. சார் என்னை மாற்றவேயில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு முனையிலிருந்து 24 ஓவர். 144 பந்து. மட்சுசாகாவின் "முந்தின நாள்" கணக்குக்கு நான்கு குறைவு, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தலை சீவக் கை தூக்கினேன், தோளுக்குமேல் போகவில்லை. இடது கையால் சீவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், வகிடு கோணல். அம்மா நல்லெண்ணெய் சுடவைத்து மூன்று வாரம் நீவிவிட்டாள். அதற்குப் பிறகு நான் போட்டதெல்லாம் ஆஃப் ஸ்பின். அதுவும் திரும்பாது.

ஆக, பிள்ளைகளைப் போட வைத்துக் கோப்பை வாங்குகிற பெரியவர்கள் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

22 அக்டோபர் 2021

கொஞ்சம் இலகுவான விஷயம். டைசுகே என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1980 கோஷியெனில் டைசுகே அராகி என்ற வசேடா ஜிட்சுக்யோ பள்ளிப் பையன் பந்து போட்டு நாட்டையே மயக்கினான். அடுத்த மாதம், செப்டம்பர் 13-இல் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். நம்மூரில் சச்சின் என்று வைத்த மாதிரி.

அந்த அராகி அந்த வருஷ இறுதியாட்டத்தில் யாரிடம் தோற்றான்? யோகோஹாமா பள்ளியிடம்! பயிற்சியாளர் மோடோனோரி வடனாபே. பதினெட்டு வருஷம் கழித்து மட்சுசாகாவுக்கும் அவரேதான் பயிற்சியாளர். அப்புறம் அராகி சீபு அணிக்குப் பிட்சிங் கோச்சாக வந்து, தன் பெயர் தாங்கிய பையனோடு சில வருஷம் வேலை பார்த்தார். கதையில் எழுதினால் யாராவது நம்புவார்களா?

இன்னொன்று. பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயர் "சபோரி நோ மட்சு". டிமிக்கி மட்சு என்று சொல்லலாம். பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கிற ஆள். 1997 மாகாண அரையிறுதியில் அவர் தாறுமாறாக எறிந்த ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் போய் எதிரணி ஜெயித்துவிட்டது. மூத்த பையன்களுக்கு அதுதான் கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு டிமிக்கி இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் தொடங்கிய அணி அடுத்த ஒரு வருஷம் அதிகாரபூர்வ ஆட்டம் 44 ஆடி 44-உம் ஜெயித்தது.

23 அக்டோபர் 2021, காலை

கீழே ஒரு தம்பி என்னை மடக்கியிருக்கிறார். "250 பந்தில் கை கெட்டுப்போனது என்றால் அடுத்த எட்டு வருஷம் சீபுவுக்குப் போட்டது யார் கை?"

நியாயமான கேள்வி. பதில் யோசித்துவிட்டு வருகிறேன்.

23 அக்டோபர் 2021, இரவு

யோசித்தேன். தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

1999-இல் பதினெட்டு வயதில் வந்து 16 வெற்றி 5 தோல்வி, சிறந்த புதுமுகம். மே 16 அன்று ஜப்பானின் நட்சத்திர பேட்டர் இச்சிரோவை முதல்முறையாக எதிர்கொண்டு மூன்று தடவை ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக். தன்னம்பிக்கை இன்று உறுதியாக மாறிவிட்டது என்று அந்தப் பையன் சொன்னதை ஜப்பானில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். (இச்சிரோ சும்மா விடவில்லை. தன் 100-ஆவது ஹோம் ரனை ஜூலையில் இவர் பந்தில்தான் அடித்தார்.) எட்டு வருஷத்தில் சீபுவுக்கு 108 வெற்றி, 60 தோல்வி. 2001-இல் 15 வெற்றி, 15 தோல்வி. இருந்தும் ஜப்பானில் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் சவமுரா விருது கிடைத்தது. சளைக்காமல் போட்டுக்கொண்டே இருந்ததற்குத்தான். 2006-இல் நாட்டு அணிகள் மோதும் முதல் உலக பேஸ்பால் கிளாசிக்கில் மூன்று ஆட்டம் போட்டு மூன்றும் வெற்றி, தொடர் நாயகன்.

கெட்டுப்போன கை இப்படிப் போடாது. என் கட்சி கொஞ்சம் ஆடுகிறது. இருந்தாலும் ஒன்று சொல்வேன்: கயிற்றில் விழுந்த முதல் பிரி அன்றைக்கே தெரியாது. கிணற்றுக் கயிறு வருஷக்கணக்கில் இழுக்கும், ஒரு நாள் அறும்.

24 அக்டோபர் 2021, காலை

கயிறு உவமை அழகாயிருக்கிறது என்று பாராட்டியவருக்கு நன்றி. உவமை அழகாயிருந்தால் வாதம் சரி ஆகிவிடாது என்று என் மனைவி சொல்கிறாள். அதையும் பதிவு செய்கிறேன்.

24 அக்டோபர் 2021, மாலை

அமெரிக்கா. 2006 நவம்பரில் சீபு அவரை ஏலத்துக்கு விட்டது. அப்போதைய முறைப்படி அமெரிக்க அணிகள் மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுக்கும். அதிகம் எழுதியவருக்குப் பேச்சுவார்த்தை உரிமை. ரெட் சாக்ஸ் எழுதியது 5,11,11,111 டாலர் 11 சென்ட். மொய்ப்பணத்தில் ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுபோல் அந்த 11 சென்ட் ஏன் என்று நான் அப்போதே சிரித்தேன். ஆனால் அது முழுக்க சீபுவுக்கு. ஆளுக்குத் தனியாக ஆறு வருஷத்துக்கு 5.2 கோடி. மொத்தம் 10.3 கோடி. இந்தக் கூத்துக்குப் பிறகு 2013-இல் அந்தத் தொகைக்கு 2 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

கவசாகி ஆபீஸில் என் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார், சீபு ரசிகர். அந்த வாரம் முழுக்க சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியாத முகம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் அப்பா திரிவாரே, அப்படி.

முதல் ஆட்டம் 2007 ஏப்ரல் 5, கான்சாஸ் சிட்டி. ஏழு இன்னிங்ஸ், ஒரு ரன், 10 ஸ்ட்ரைக் அவுட். ஆபீஸில் யாரும் வேலை செய்யவில்லை. ஆறு நாள் கழித்து பாஸ்டனில் முதல் ஆட்டம், எதிரே சியாட்டில், முதல் பேட்டர் இச்சிரோ. இச்சிரோ நான்கு தடவை வந்து நான்கு தடவையும் ஹிட் இல்லாமல் போனார். ஆனால் சியாட்டிலின் ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ் ரெட் சாக்ஸுக்கு ஒரே ஒரு ஹிட் கொடுத்து 3-0 என்று ஜெயித்துவிட்டார். எல்லாரும் கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் நாதஸ்வரக்காரர் பெயர் வாங்கிய மாதிரி.

அந்த வருஷம் 15 வெற்றி, 201 ஸ்ட்ரைக் அவுட். உலகத் தொடர் என்று பெயர் வைத்த அமெரிக்க இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் டென்வரில் பந்து போட்டு ஜெயித்தார். ஜப்பானிய பிட்சர் ஒருவர் அப்படி ஜெயித்தது அதுதான் முதல்முறை. அப்போது அங்கே பிட்சரும் பேட் பிடிக்கவேண்டியிருந்தது. இவர் போய் இரண்டு ரன் வருகிற மாதிரி ஒரு அடி அடித்தார். பெரியவர் மேசையைத் தட்டியதில் என் டீ கொட்டியது.

24 அக்டோபர் 2021, இரவு

ஜைரோபால் பற்றிக் கேட்ட நண்பருக்கு: அது புரளி. துப்பாக்கிக் குண்டு மாதிரி சுழன்று வரும் ஒரு மாயப் பந்தை அவர் வைத்திருக்கிறார் என்று 2007-இல் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அப்படிச் சுழலும் பந்து ஜப்பானிய ஆராய்ச்சியில் இருப்பது உண்மை. மட்சுசாகா அதை ஆயுதமாக வைத்திருந்தார் என்பது பொய். அவர் ஸ்லைடர் (கடைசியில் விலகிப் போகும் பந்து) நன்றாக விழுந்தால் ஜைரோபால், அடி வாங்கினால் வெறும் ஸ்லைடர்.

26 அக்டோபர் 2021

இப்போது என் கட்சியை நானே உடைக்கிறேன்.

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 18 வெற்றி, 3 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி 2.90. அங்கே ஒரே சீசனில் ஒரு ஜப்பானியர் எடுத்த அதிகபட்ச வெற்றி இது. கையில் குறை சொல்ல முடியுமா? ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வயிற்றில் புளி கரைக்கும். ஒரு பேட்டருக்கு ஆறு பந்து, ஏழு பந்து. 29 ஆட்டத்தில் 94 வாக். ஓரத்தில் குத்தி, ஓரத்தில் குத்தி, எல்லா பேஸிலும் ஆளை நிறுத்திவிட்டு அப்புறம் காப்பாற்றுவார். ஆறாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் நூறு பந்து தீர்ந்துவிடும், இறக்கிவிடுவார்கள். பள்ளியில் 17 இன்னிங்ஸ் போட்டவர், சராசரியாக ஆறு கூட முடிக்கவில்லை.

சிக்கல் இங்கேதான். ஜப்பானில் வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டம், நடுவில் வேண்டிய மட்டும் எறிந்து எறிந்து கையைப் பழக்குவார்கள். நாகேகோமி என்று பெயர். நூறு, இருநூறு, சில நாள் முந்நூறு. மட்சுசாகாவுக்கு உடம்பு படிந்தது அப்படித்தான். பாஸ்டனில் ஐந்து நாளுக்கு ஒரு ஆட்டம், நடுவில் எண்ணிக்கொடுத்த பந்துகள். பந்தும் வேறு: அமெரிக்கப் பந்து கொஞ்சம் வழுக்கும், மவுண்ட் கெட்டி. பத்துக் கோடி கொடுத்த பொருளை யார்தான் தாறுமாறாக ஓட்டவிடுவார்கள்? அவர்கள் கோணத்தில் சரி. ஆனால் தவில்காரரைக் கூட்டிவந்து கைவலிக்கும், மெதுவாகத் தட்டு என்றால் எப்படி? 2009-இல் ஜப்பானியப் பத்திரிகையாளர்களிடம் அவர் இதைச் சொல்லி, அணி கோபப்பட்டு, பெரிய சண்டையானது.

அதே 2009-இன் தொடக்கத்தில் உலக கிளாசிக்கில் மறுபடி மூன்று வெற்றி, மறுபடி தொடர் நாயகன். அங்கிருந்து வந்த பிறகு சரிந்ததுதான், எழவில்லை. அந்த சீசன் 4 வெற்றி, 6 தோல்வி. ஜப்பான் அணி பிழிந்துவிட்டது என்று பாஸ்டனில் திட்டினார்கள். உண்மை என்ன? போட்டிக்கு முன்பே குளிர்காலப் பயிற்சியில் தொடை இடுக்கில் காயம். இரண்டு பக்கமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கால் ஒத்துழைக்காதபோது கையால் ஈடுகட்டினால் என்ன ஆகும்? 2011 ஜூனில் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை.

26 அக்டோபர் 2021, நள்ளிரவு

படுத்தவன் எழுந்து வந்தேன். மேலே எழுதிய "மறைத்துவிட்டார்" உறுத்துகிறது.

21-ஆம் தேதி எழுதிய என் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். பி.டி. சார் என்னை மாற்றவேயில்லை என்றேன். மாற்றவில்லைதான். ஆனால் டீ இடைவேளையில் ஒரு தடவை, அதற்குப் பிறகு ஒரு தடவை, இரண்டு தடவை வந்து கேட்டார். "என்னடா, தோள் வலிக்குதா? போதும்டா, அவன்கிட்ட குடு." நான் "இல்ல சார், நல்லாருக்கு சார்" என்றேன். வலது தோளில் அப்போதே குத்தல் இருந்தது. பந்து கையில் இருந்தது, பேன்ட்டில் தேய்த்துத் தேய்த்துத் தொடையெல்லாம் சிவப்பு. அதை இன்னொருவன் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான் காரணம். முப்பது வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சார் கேட்டதோடு நின்றிருக்கக்கூடாது, பந்தைப் பிடுங்கியிருக்கவேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனாலும்.

27 அக்டோபர் 2021

"பிடுங்கியிருக்கவேண்டும்" என்றதற்கு ஒருவர் ரோகி சசாகியைச் சொல்லியிருக்கிறார். சரியான உதாரணம். 2019 ஜூலை, இவாத்தே மாகாணம், ஓஃபுனாட்டோ பள்ளி. மணிக்கு 160 கி.மீ. தொட்ட பையன். மாகாண இறுதியாட்டம், ஜெயித்தால் கோஷியென். முந்தின நாள் 129 பந்து போட்டிருந்தான். பயிற்சியாளர் அவனை இறக்கவேயில்லை, பேட்டராகக்கூட இல்லை. அணி ஹனமாகி ஹிகாஷியிடம் 2-12 என்று தோற்றது. பள்ளிக்குத் திட்டுப் போன்கள் குவிந்தன. ஊர் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது பந்தைப் பிடுங்க எவ்வளவு தைரியம் வேண்டும்! சக பையன்களை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த இறுதியாட்டத்தோடு பேஸ்பால் முடிந்திருக்கும்.

மட்சுசாகா ஓய்வு பெற்ற அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது, கவனித்தீர்களா? 17-ஆம் தேதி, இரண்டு நாள் முன்னால், யூகி சாய்டோ என்ற பிட்சர் ஓய்வு பெற்றார். 2006 கோஷியெனில் 948 பந்து போட்டவர், நீலக் கைக்குட்டையால் முகம் துடைத்ததற்காகவே "கைக்குட்டை இளவரசன்" ஆனவர். பள்ளி? வசேடா ஜிட்சுக்யோ. அராகி படித்த அதே பள்ளி. தொழில்முறையில் மொத்தம் 15 வெற்றி. அவரும் கடைசி பேட்டருக்கு வாக் கொடுத்துத்தான் போனார். அவரிடம் இறுதியாட்டத்தில் தோற்ற மசாஹிரோ டனாகா 2013-இல் 24 வெற்றி, தோல்வியே இல்லை, அப்புறம் அமெரிக்காவில் யாங்கீஸ் அணி. 948 பந்து ஒருவரை முடித்தது, 782 பந்து இன்னொருவரை முடிக்கவில்லை. எண்ணை வைத்துச் சட்டம் போடலாம், ஜாதகம் எழுதமுடியாது.

30 அக்டோபர் 2021

கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. மெட்ஸ், அப்புறம் 2015-இல் ஜப்பான் திரும்பி சாஃப்ட்பேங்க். மூன்று வருஷத்தில் முதல் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம். தோளில் அறுவை சிகிச்சை. சம்பளத் திருடன் என்றெல்லாம் எழுதினார்கள்.

2018-இல் சுனிச்சி அணி சோதனை ஓட்டம் பார்த்து எடுத்துக்கொண்டது. வேகம் போயிருந்தது. நேர்ப்பந்து என்று தோன்றுகிற கட்டர், ஓரம், ஓரம், பழையபடி எல்லா பேஸிலும் ஆள். ஆனால் 6 வெற்றி. மீண்டு வந்தவருக்கான விருது. அந்த வருஷம் நாங்கள் குடும்பமாக ஜப்பான் போயிருந்தோம். நாகோயாவில் ரயிலடிக் கடையில் அவர் படம் போட்ட துண்டு விற்றது. ஒன்று வாங்கினேன், இப்போது ஸ்கூட்டர் துடைக்கிறது. அடுத்த வருஷம் பயிற்சி முகாமில் கை குலுக்க வந்த ரசிகர் யாரோ வலது கையைப் பிடித்து இழுத்ததில் தோள் மறுபடி போனது. அன்பில் இழுத்ததுதான். 2019-இல் வெற்றி பூஜ்யம்.

"சரி, கடைசியாக என்ன சொல்கிறீர்கள், வீணாய்ப் போனாரா இல்லையா?" என்று இழையைத் தொடங்கியவர் கேட்கிறார். எனக்கு 20-ஆம் தேதி பதில் தெரிந்திருந்தது.

8 நவம்பர் 2024

மூன்று வருஷம் கழித்து இந்த இழையைத் தோண்டுகிறேன். இந்த வாரம் ட்சுயோஷி வாடா ஓய்வை அறிவித்தார். 1980 ஏப்ரலிலிருந்து 1981 மார்ச்சுக்குள் பிறந்த ஆட்டக்காரர்களை "மட்சுசாகா தலைமுறை" என்று ஜப்பானில் சொல்வார்கள். கியூஜி ஃபுஜிகவா, சுகியுச்சி, முராட்டா என்று ஒரு படையே உண்டு. அதில் கடைசியாக மிச்சமிருந்தவர் வாடா. 43 வயது.

1998 கோஷியெனில் இவரும் ஆடினார், ஷிமானே மாகாணத்து ஹமாடா பள்ளிக்கு. இடதுகைப் பிட்சர். பள்ளியில் அவருடைய அதிகபட்ச வேகம் மணிக்கு 129 கி.மீ. தான். அந்தப் பக்கம் மட்சுசாகா 150 போட்டுக்கொண்டிருந்தபோது இவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்தில்தான் வேகம் கூடியது. அமெரிக்கா போனார், அங்கே பந்து போடுவதற்கு முன்பே முழங்கை அறுவை சிகிச்சை, மட்சுசாகாவுக்குச் செய்த அதே வகை.

ஜப்பானும் அமெரிக்காவும் சேர்த்து வாடாவுக்கு 165 வெற்றி. மட்சுசாகாவுக்கு 170.

என் பழைய ஆபீஸ் சீபு ரசிகர் பெரியவருக்கு இதை அனுப்பினேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒரு வரி பதில் வந்தது: பி.எல். ஆட்டத்தின் முழு வீடியோவும் தன்னிடம் இருக்கிறதாம், அடுத்த தடவை வரும்போது டீயைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கலாமாம்.